பள்ளி நேரத்திற்குப் பிந்தைய உடல்நலத் திட்டங்கள்: அமெரிக்காவின் ஹிஸ்பானியக் குழந்தைகளுக்கான வழிகாட்டுதல்

பள்ளி முடிந்த பின், பயிற்றுநரின் மேற்பார்வையில் விளையாட்டு, உடற்பயிற்சி, ஊட்டச்சத்துக் கல்வி ஆகியவற்றை வழங்கும் திட்டங்கள் இவை. அமெரிக்காவில் பள்ளிகளும் சமுதாய மையங்களும் பூங்காத் துறைகளும் இவற்றை நடத்துகின்றன.

ஏன் தேவை?

2017–2020 காலத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 2 முதல் 19 வயது வரையுள்ளோரில் 19.7 சதவீதத்தினருக்கு உடற்பருமன் இருந்தது. ஹிஸ்பானியக் குழந்தைகளிடையே இது 26.2 சதவீதம். இதற்குக் குடும்பத்தினரின் கவனக்குறைவே காரணம் எனக் கருத வேண்டாம். பாதுகாப்பான விளையாட்டிடம் இல்லாமை, பெற்றோரின் நீண்ட வேலை நேரம், மலிவான இனிப்புப் பானங்கள் ஆகியவையும் காரணங்களாகும். உடற்பருமன் இளம் வயதிலேயே இரண்டாம் வகை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், கொழுப்புக் கல்லீரல் ஆகியவற்றுக்கு வழிவகுக்கலாம்.

பலன் உண்டா?

டெக்சாஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், பெரும்பாலும் ஹிஸ்பானியக் குழந்தைகள் பயிலும் தொடக்கப் பள்ளிகளில் ‘கேட்ச்’ என்னும் திட்டம் செயல்படுத்தப்பட்டது. 2005இல் வெளியான ஆய்வின்படி, திட்டம் இல்லாத பள்ளிகளைவிட இப்பள்ளிகளில் அதிக எடையுள்ள குழந்தைகளின் விகிதம் மெதுவாகவே உயர்ந்தது. இத்திட்டத்திற்கு மாலை நேர வடிவமும் உண்டு. எனவே, எடை உடனே குறைய வேண்டும் என எதிர்பார்க்காதீர்கள். வளரும் பிள்ளைக்கு எடை கூடும் வேகம் தணிவதும் நற்பலனே.

நல்ல திட்டத்தை அறிவது எப்படி?

• 6 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் 60 நிமிட உடலுழைப்பு தேவை. பெரும்பகுதி நேரம் பிள்ளைகள் இயங்குகின்றனரா, வரிசையில் காத்து நிற்கின்றனரா எனப் பாருங்கள்.
• தோற்றவரை வெளியேற்றி உட்கார வைக்கும் விளையாட்டுகள் குறைவாக இருக்க வேண்டும்.
• பிறர் முன்னிலையில் எடை பார்ப்பதோ கேலி செய்வதோ கூடாது.
• பெற்றோருக்கான தகவல்கள் ஸ்பானிய மொழியிலும் கிடைக்க வேண்டும். பிள்ளையை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்தக் கூடாது.
• கட்டணச் சலுகை உண்டா எனக் கேளுங்கள். வருமானம் குறைந்த பகுதிகளில் கூட்டரசின் உணவுத் திட்டத்தின் வழியாக இலவசச் சிற்றுண்டி வழங்கப்படலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

குடும்பமும் பங்கேற்றால்தான் பலன் நிலைக்கும். மரபு உணவைக் கைவிட வேண்டியதில்லை. பீன்ஸ், சோள டார்ட்டியா, பூசணி, பப்பாளி ஆகியவை சத்துள்ளவை. முதலில் இனிப்புப் பானங்களைக் குறையுங்கள். 355 மில்லிலிட்டர் கோலாவில் ஏறத்தாழ 39 கிராம் சர்க்கரை உள்ளது. குழந்தைக்கான நாள் வரம்போ 25 கிராமுக்கும் குறைவு. மருத்துவரின் ஆலோசனையின்றிப் பிள்ளையைப் பட்டினி போடவோ கடும் உணவுக் கட்டுப்பாட்டில் வைக்கவோ கூடாது.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• கழுத்திலோ அக்குளிலோ தோல் கருத்துத் தடித்திருந்தால். இது அழுக்கன்று, இன்சுலின் சரிவரச் செயல்படாமையின் அறிகுறியாக இருக்கலாம். தேய்த்துக் கழுவ வேண்டாம்.
• மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருந்தால் அன்றே காட்டுங்கள்.
• ஆஸ்துமா இருந்தால், திட்டத்தில் சேரும் முன்னரே. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் விளையாடலாம். பயிற்றுநருக்குத் தெரிவித்து, இன்ஹேலரை உடன் அனுப்புங்கள்.

விளையாடும்போது நெஞ்சுவலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே நிறுத்தி, 911 எண்ணை அழையுங்கள்.