பரணும் எழுத்தாணியும்

சென்ற ஐப்பசி மழைக்குப்பின் கார் கொட்டகையிலிருந்த சிற்றிதழ்ப் பெட்டிகளைத் திறந்தேன். கூரை ஒழுகவில்லை, சிமெண்டுத் தரையே மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அட்டைக்குக் கொடுத்திருந்தது. அடியடுக்கு முழுதும் பூஞ்சை.

ஏட்டுச்சுவடிகளைப் பரணிலேற்றி, வசம்பும் வேப்பிலையும் இட்டுவைத்தவர்கள் ஈரத்தை நன்கறிந்தவர்கள். அப்படியும் ஓலை சில நூற்றாண்டுகளே தாங்கும். ஆகவே தலைமுறைதோறும் படியெடுத்தார்கள். சங்கப்பாடல்கள் நம் கைக்கு வந்ததில் பரணின் பங்கைவிட எழுத்தாணியின் பங்கு பெரிது. அச்சு வந்ததும் அவ்வழக்கம் ஓய்ந்தது. வேறெங்கேனும் ஒரு பிரதி இருக்கும் என்பது நம் சோம்பலுக்கு வாய்த்த நம்பிக்கை. அப்படி இருந்துவிடாமல், கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களும் இதழ்களுமாக ஏறத்தாழ 1 லட்சம் அச்சுப் பொருள்களைத் தம் வீட்டில் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் அவை சென்னைக்கு வந்து நூலகமாயின. நுண்படச்சுருளிலும் ஏறின.

என் பெட்டியில் பிழைத்தவை 11 இதழ்கள். பலகைமேல் ஏற்றிவிட்டேன்; படியெடுப்பதுதான் பாக்கி.