பழுதை முதலில் அறிவது யார்?

கணினி வலையமைப்புக்கும் அதைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமைக்காக அர்பாநெட் என்ற வலையமைப்பைக் கட்டியது மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் இருந்த பி.பி.என். நிறுவனம். அதன் முதல் இணைப்புக் கணினி 1969 ஆகஸ்டு இறுதியில் நாட்டின் மறுகோடியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ‘இம்ப்’ என்று அழைக்கப்பட்ட இந்தக் கணினிகள் அடுத்தடுத்து பல ஊர்களில் நிறுவப்பட்டன. அவற்றின் உள்ளமைப்பு தெரிந்த பொறியாளர்களோ கேம்பிரிட்ஜில் இருந்தார்கள். ஒவ்வொரு பழுதுக்கும் ஆளை விமானத்தில் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. எனவே தன் நிலையைத் தானே தெரிவிக்கும் வேலையும் இம்பின் நிரலிலேயே சேர்த்து எழுதப்பட்டது.

ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு இம்பும் கேம்பிரிட்ஜ் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சிறு அறிக்கை ஒன்றை அனுப்பும். தன்னோடு இணைந்த தொலைபேசித் தடங்களில் எவை வேலை செய்கின்றன, எவ்வளவு போக்குவரத்து நடந்தது என்பன அதில் இருக்கும். தொடக்கத்தில் இவை டெலிடைப்பில் அச்சாயின. பின்னர் இவற்றை வாங்கிப் பிரித்துப் பார்க்கவே தனிக் கணினி ஒன்று வைக்கப்பட்டது. வராத அறிக்கைக்கும் பொருள் கொடுத்ததுதான் இந்த ஏற்பாட்டின் நுட்பம். நின்றுபோன இம்ப் தான் நின்றுவிட்டதாகச் சொல்லாது. சில நிமிடங்கள் அதனிடமிருந்து ஒன்றும் வராவிட்டால், மையத்தில் இருப்பவர்கள் அண்டை இம்ப்களின் அறிக்கைகளைப் பார்ப்பார்கள். அதை நோக்கிப் போகும் எல்லாத் தடங்களிலும் பேச்சில்லை என்றால் பழுது பெரும்பாலும் இம்பில். ஒரு தடம் மட்டும் என்றால் தொலைபேசி நிறுவனத்தைக் கூப்பிட வேண்டியதுதான். நாட்டின் மறுகோடியில் இரண்டு ஊர்களுக்கு இடையே தடம் அறுந்திருப்பதைக் கேம்பிரிட்ஜிலிருந்து ஒருவர் சொல்வது தொலைபேசி ஊழியர்களுக்குப் புதுமையாக இருந்தது. 1970 இறுதியில் மையத்தின் பொறுப்புக்கு வந்த அலெக்ஸ் மெக்கென்சி, மின்சாரம் வழங்கும் நிறுவனத்தைப் போல இந்த வலையமைப்பும் இடையறாமல் ஓட வேண்டும் என்று கருதினார். ஆய்வுக்கூடத்துச் சோதனையாக இருந்த ஒன்று மக்கள் நம்பிப் பயன்படுத்தும் சேவையாக மாறியதில் இந்த அறைக்குப் பெரும் பங்குண்டு.

நிலையைத் தெரிவிக்கும் செய்தியே வலையமைப்பை வீழ்த்தவும் முடியும் என்பது 1980 அக்டோபர் 27 அன்று தெரிந்தது. இம்ப்கள் தம் தடங்களின் நிலையைப் பாதைத் தகவலாக ஒன்றுக்கொன்று பரப்பிக்கொள்ளும். எது புதியது என்று அறிய ஒவ்வொரு தகவலிலும் 0 முதல் 63 வரை சுழலும் வரிசை எண் ஒன்று இருக்கும். அன்று ஒரு கணினியின் வன்பொருள் கோளாறால் சில பிட்டுகள் உதிர்ந்தன. 44 என்ற ஒரே எண், 40 என்றும் 8 என்றும் மேலும் இரண்டு வடிவங்களில் கிளம்பியது. வட்டமாக எண்ணும் விதியின்படி 8-ஐ விட 40 புதியது. 40-ஐ விட 44 புதியது. 44-ஐ விட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு முடிவில்லாமல் சுற்ற, வேறு வேலைக்கு இம்ப்களிடம் திராணி இல்லாமல் போயிற்று. பல மணி நேரம் அர்பாநெட் பயன்படவில்லை. பி.பி.என். பொறியாளர் எரிக் ரோசன் இந்த நிகழ்வைப் பற்றி எழுதிய ஆவணம் ஆர்.எஃப்.சி. 789 என்ற எண்ணில் வெளிவந்தது. பழுதாய்வுக்கு அது இன்றும் நல்ல முன்மாதிரி.

இணைய நெறிமுறைகள் வந்த பிறகு வலையமைப்பு ஒரு நிறுவனத்தின் கையில் இல்லை. மேரிலாந்தில் உள்ள ராணுவ ஆய்வகத்தில் மைக் மூஸ் 1983 டிசம்பரில் ஒரே மாலையில் எழுதிய ‘பிங்’ அந்தக் காலத்துக்கு ஏற்ற கருவி. எதிர்முனைக்கு ஒரு பாக்கெட்டை அனுப்பி, பதில் வருகிறதா, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அது சொல்லும். பதில் வராவிட்டால் காரணம் சொல்லாது.

ரௌட்டர்களின் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க ஒரு பொதுமொழி தேவைப்பட்டது. ஜெஃப்ரி கேஸ் உள்ளிட்ட நால்வர் 1987-இல் வெளியிட்ட ஒரு நெறிமுறையிலிருந்து மறு ஆண்டு எஸ்.என்.எம்.பி. பிறந்தது. இணையத்தின் தொழில்நுட்பக் குழு 1988 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி இது தற்காலிக ஏற்பாடு மட்டுமே. பன்னாட்டுத் தர நிறுவனத்தின் விரிவான நெறிமுறை பின்னால் வந்து இதன் இடத்தைப் பிடிக்க வேண்டும். அது நடக்கவேயில்லை. எளிமைதான் எஸ்.என்.எம்.பி.யைக் காப்பாற்றியது. இதில் கண்காணிக்கும் கணினி 161-ஆம் போர்ட்டில் கேள்வி கேட்கும். கருவி, அவசரமானால், 162-ஆம் போர்ட்டுக்குத் தானே ‘ட்ராப்’ என்ற செய்தியை அனுப்பும். ஆனால் ட்ராப் போய்ச் சேர்ந்ததா என்று முதல் பதிப்பில் எவரும் உறுதி செய்வதில்லை. திடீரென்று மின்சாரம் போன ரௌட்டருக்கு அதை அனுப்ப அவகாசமும் இருக்காது. ஆகவே இடைவிடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் பழைய வழக்கம் நிலைத்தது. ‘பப்ளிக்’ என்ற கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பிய அந்த நாட்களின் பாதுகாப்பின்மைக்குத் தீர்வு கிடைக்க, 2002 இறுதியில் முழுத் தரமான மூன்றாம் பதிப்பு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1994-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த டோபியாஸ் ஓட்டிகர், வெளியுலகுக்குப் போகும் ஒரே 64 கிலோபிட் தடம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கும்படி வலைப்பக்கத்தில் வரைபடமாகக் காட்ட எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரலை எழுதினார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ரௌட்டரின் பைட் எண்ணியைப் படித்து, முந்தைய எண்ணைக் கழிப்பதுதான் அதன் வேலை. அந்த எண்ணி 32 பிட் அளவுடையது. முழு வேகத்தில் ஓடும் 100 மெகாபிட் தடத்தில் அது 6 நிமிடத்துக்குள் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஒரு கிகாபிட் தடத்தில் 34 வினாடி போதும். இரண்டு அளவீடுகளுக்கு இடையே எண்ணி எத்தனை சுற்று சுற்றியது என்று தெரியாமல் வரைந்த கோடு பார்க்க நேர்த்தியாக இருக்கும், உண்மையாக இருக்காது. 64 பிட் எண்ணி வந்துதான் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

எச்சரிக்கை என்ற துறையை ஒழுங்குபடுத்தியது ஈதன் கால்ஸ்டாட் 1999-இல் நெட்செயின்ட் என்று வெளியிட்டு, 2002-இல் பெயர் மாற்றிய நேகியோஸ். அதன் அமைப்பு மிக எளியது: சோதனை செய்பவை தனித்தனிச் சிறு நிரல்கள், அவை முடியும்போது திருப்பித் தரும் எண் 0 என்றால் நலம், 1 என்றால் எச்சரிக்கை, 2 என்றால் அபாயம், 3 என்றால் தெரியவில்லை. எவரும் எந்த மொழியிலும் எழுதிச் சேர்க்கலாம் என்பதால் சோதனை நிரல்கள் பெருகின. இரண்டு விதிகள் இதைவிட மதிப்புள்ளவை. முதல் தோல்வியிலேயே இது ஆளை எழுப்பாது. குறித்த தடவை மறுபடி சோதித்து, அப்போதும் தோற்றால்தான் பழுது என்று முடிவு கட்டும். அடுத்தது, எந்தக் கருவி எந்தக் கருவிக்குப் பின்னால் இருக்கிறது என்று எழுதிவைக்கும் ஏற்பாடு. ஒரு கிளை அலுவலகத்தின் ரௌட்டர் நின்றால் அதற்குப் பின்னால் உள்ள 40 சர்வர்களும் பதில் சொல்லாது. நேகியோஸ் ரௌட்டரை ‘விழுந்தது’ என்றும், சர்வர்களை ‘எட்டவில்லை’ என்றும் பிரிக்கும். நள்ளிரவில் 41 குறுஞ்செய்திகளுக்குப் பதில் ஒன்றே ஒன்று வருவது, தூக்கம் கலைந்து எழும் நிர்வாகிக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை அந்த வேலை பார்த்தவர்கள் அறிவார்கள்.

இந்தத் துறையில் சென்னைக்கும் இடமுண்டு. ஸ்ரீதர் வேம்பு, டோனி தாமஸ் முதலியோர் 1996-இல் தொடங்கிய அட்வென்ட்நெட், தொலைத்தொடர்புக் கருவி செய்வோருக்கு எஸ்.என்.எம்.பி. மென்பொருள் விற்றது, அதன் பொறியாளர்கள் பெரும்பாலும் சென்னையில் இருந்தார்கள். 2001-ஐ ஒட்டிய சரிவில் அந்த வாடிக்கையாளர்கள் நொடித்துப்போக, 2002-இல் மேனேஜ்இன்ஜின் என்ற பெயரில் சாதாரண அலுவலகங்களின் அட்மின்களுக்கான கருவிகள் பக்கம் நிறுவனம் திரும்பியது. 2009-இல் அது சோஹோ ஆயிற்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் லாட்வியாவில் அலெக்சி விளாடிஷெவ் ஜாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளை வளர்த்தார். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012-இல் தொடங்கிய பிரொமிதியஸ், நொடிக்கு நொடி தோன்றி மறையும் சேவைகளை எண்களின் தொடராகவே பார்த்தது. அதைப் பயன்படுத்துவோர் எப்போதும் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஓர் எச்சரிக்கையை வேண்டுமென்றே வைத்துக்கொள்வார்கள். அது நின்றால் கண்காணிப்பே நின்றுவிட்டது என்று பொருள்.

கண்காணிப்பு மென்பொருளிடம் எல்லாக் கருவிகளின் சாவியும் இருப்பதன் ஆபத்து 2020 டிசம்பரில் வெளிப்பட்டது. சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் மென்பொருள் புதுப்பிப்பில் ஊடுருவியவர்கள் நுழைத்த நிரல் சுமார் 18,000 வாடிக்கையாளர்களைச் சென்றடைந்திருந்தது. வேறு வகை ஆபத்து ஒன்று அடுத்த ஆண்டு அக்டோபர் 4 அன்று தெரிந்தது: பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பு துண்டிக்கப்பட்டது. பழுதை ஆராயும் உள்கருவிகள் பலவும் அதே வலையமைப்பையே நம்பியிருந்தன. மாற்று வழியாக வைத்திருந்த தனித்தடமும் செயலற்றுப்போனது. பொறியாளர்கள் தரவு மையங்களுக்கு நேரில் போய்ச் சரிசெய்ய ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.