மாணாக்கர் வகுத்த சட்டம்

இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில், பதினான்காம் நூற்றாண்டின் முற்பகுதியில், ரோமானியச் சட்டம் போதித்து வந்த ஓர் ஆசிரியர் ஏதேனும் சொந்தக் காரியமாக வெளியூர் செல்ல விரும்பினால், முதலில் மாணாக்கர் சங்கத்திடம் அனுமதி பெற்று, திரும்பி வந்துவிடுவதாக ஒரு பிணைத்தொகையையும் கட்டிவிட்டுத்தான் நகரவாயிலைக் கடக்க வேண்டியிருந்தது. ஒருநாள் பாடத்துக்கு வராதிருப்பதானாலும் அனுமதி அவசியம்; மீறினால் அபராதம். குருவின் முன் கைகட்டி வாய்புதைத்து நின்று, அவருடைய முகக்குறிப்பையே உத்தரவாகக் கொண்டு கற்ற பரம்பரையில் வந்த நமக்கு இச்செய்தி விபரீதமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும் வயது வந்தோர்க்கும் அவர்களுக்குக் கற்பிப்போர்க்கும் இடையே எது தகும், எது தகாது என்பதைப் பக்திக்கும் தாட்சண்யத்துக்கும் விட்டுவிடாமல், ஏட்டில் எழுதி அபராதமும் விதித்த மிகப் பழைய ஏற்பாடுகளில் இதுவும் ஒன்றாதலின், இதன் வரலாறு சற்று நின்று நோக்கத் தக்கதாகும்.

பொலோஞாவின் மாணாக்கரிற் பெரும்பாலார் பாலகர் அல்லர். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், இங்கிலாந்து முதலிய தேசங்களிலிருந்து ஆல்ப்ஸ் மலை கடந்து வந்தவர்களும், கோயில் மானிய வருவாய் உடைய பாதிரிமார்களும், பிரபுக்களின் புதல்வர்களும், ஊரில் ஏற்கெனவே பதவி வகித்தவர்களுமாக அவர்கள் இருந்தார்கள். கையிற் பணம் இருந்தது. ஆனால் அந்நியராதலின் நகரத்துக் குடியுரிமை இல்லை. ஏறக்குறைய 1155-ஆம் ஆண்டில் சக்கரவர்த்தி பிரெடெரிக் பார்பரோஸா, வழக்கில் அகப்பட்ட மாணாக்கன் தன் ஆசிரியர் முன்னாவது, அவ்வூர் மேற்றிராணியார் முன்னாவது விசாரிக்கப்பட உரிமை அளித்துச் சாஸனம் செய்தான். அதன் பயனாக ஆசிரியர், போதிப்பவர் என்ற ஸ்தானத்தோடு நியாயாதிபதி என்ற ஸ்தானத்தையும் பெற்றார். ஒருவரே இவ்விரு ஸ்தானங்களையும் வகிப்பது நெடுங்காலம் நிலைப்பது அரிது. நூறாண்டுக்குள் மாணாக்கர்கள் மலைக்கு இப்பாலார், அப்பாலார் என இரண்டு சங்கங்களாகக் கூடித் தங்களுக்குள்ளேயே ரெக்டர் என்னும் தலைவர்களைத் தேர்ந்துகொண்டனர். பிறகு ஆசிரியர்களே அந்த ரெக்டர்களுக்குக் கீழ்ப்படிவதாகப் பிரமாணம் செய்யும் காலம் வந்தது. பிரமாணம் செய்ய மறுத்தால் மாணாக்கர் மூட்டை கட்டிக்கொண்டு வேற்றூர் போய்விடுவார்கள் என்னும் பயம் வெறும் பயம் அன்று. 1222-ஆம் ஆண்டில் ஒரு பகுதியார் அவ்வாறே பிரிந்து பாதுவா நகரம் சென்றதனால்தான் அங்கே ஒரு சர்வகலாசாலை உண்டாயிற்று.

1317-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதி முதலியவற்றில் காணும் விதிகள் படிப்போர்க்கு நகைப்பும் வியப்பும் ஒருங்கே விளைப்பன. மணி அடித்ததும் பாடம் தொடங்க வேண்டும். அடுத்த மணி அடித்தவுடன் முடித்துவிட வேண்டும். நூலின் எந்த அத்தியாயத்தையும் தாண்டிச் செல்லலாகாது. கடினமான ஐயத்தைப் பாடத்தின் இறுதிக்கென ஒத்திவைத்து, அப்போது மணி வந்து காப்பாற்றும் என்று காத்திருத்தலும் ஆகாது. பாடத்துக்கு ஐந்து பேராவது வந்திராவிடின், ஆசிரியரே வராதவராகக் கருதப்பட்டு அபராதம் செலுத்த வேண்டும். இவற்றையெல்லாம் கவனித்து ரெக்டரிடம் தெரிவிப்பதற்கென்று மாணாக்கருள் நால்வர் இரகசியமாக நியமிக்கப்பட்டிருந்தனர். வேவு பார்க்கும் அந்த ஏற்பாட்டை யான் மெச்சவில்லை. கற்பிப்பவன் தன் முன்னிருப்போருள் ஒற்றன் யாரோ என்று ஐயுற்றுக்கொண்டே பேசுவானாயின் அப்பேச்சில் ஜீவன் இராது. ஆனால் மணியைப் பற்றிய விதி வேறு. அது ஆசிரியருடைய சோம்பலுக்கு எல்லையிட்டது போலவே மாணாக்கருடைய உரிமைக்கும் எல்லையிட்டது. மணிக்குப் பிற்பட்ட பொழுது ஆசிரியருடைய சொந்தப் பொழுது.

பணத்தின் விஷயம் இவ்வளவு சுலபமாக இல்லை. ஞானம் ஈசுவரன் கொடை, அதனை விலைக்கு விற்றலாகாது என்பது திருச்சபையின் பழைய கொள்கை. எனவே ஆசிரியர் பெற்றது கூலி என்று கூறப்படாமல், உழைப்புக்கு அளிக்கப்படும் சம்மானம் என்றே கூறப்பட்டது. கொலெக்தா என்று அதற்குப் பெயர். மாணாக்கரிடமிருந்து வசூலித்து மாணாக்கரே கொடுப்பது. கௌரவமான பெயர் வைத்த மாத்திரத்தில் பணம் வந்துவிடுமா? 1265-ஆம் ஆண்டில் காலஞ்சென்ற ஒடொஃப்ரெடஸ் என்னும் மகாபண்டிதர், ஓராண்டுப் பாடத்தின் முடிவில், அடுத்த ஆண்டு பிற்பகல் வகுப்பு நடத்துவதற்கில்லை என்றும், மாணாக்கர்க்குக் கற்க ஆசையிருக்கிறதே ஒழியக் கொடுக்க மனமில்லை என்றும் பகிரங்கமாகவே கூறிவிட்டார். அவர் கூறியதில் தவறு ஏதும் எனக்குத் தோன்றவில்லை. பாக்கியை வாய்விட்டுக் கேட்பவர் மறைவாக வேறொன்றைக் கேட்கமாட்டார்.

மறைவாக நடந்ததும் உண்டு. ரோமானியச் சட்டத்துக்கு ஏறக்குறைய 97,000 உரைக்குறிப்புகள் தொகுத்த அக்குர்ஸியஸ் என்பவருடைய புதல்வர் பிரான்செஸ்கோ, தந்தையைப் போலவே பொலோஞாவில் ஆசிரியராக விளங்கியவர். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்டு தம்முடன் அழைத்துச் சென்று சில ஆண்டுகள் வைத்துக்கொள்ளும் அளவுக்குக் கீர்த்தி பெற்றவர். அத்தகையவர், 1291-ஆம் ஆண்டில், தம் முதுமையில், போப்பாண்டவர் நான்காம் நிக்கலஸிடம் பாவமன்னிப்புப் பெற்றார். மாணாக்கர்க்குக் கடன் கொடுத்து ஆதாயம் அடைந்ததும், பட்டத்துக்குப் பரீட்சிக்கப்பட இருந்தவர்களிடம் வெகுமதிகள் ஏற்றதுமே அந்தப் பாவங்கள். தூரதேசத்திலிருந்து பணம் வரத் தாமதமான ஒரு மாணாக்கனுக்கு ஆசிரியர் கைமாற்றுக் கொடுப்பது முதற்பார்வைக்குத் தருமமாகவே தோன்றும். ஆனால் கடன்பட்டவன் வேறோர் ஆசிரியரிடம் பாடம் கேட்கப் போக மாட்டான். கொலெக்தா கொடுக்கும்போது கையைக் குறுக்க மாட்டான். பரீட்சை நெருங்கும் காலத்தில் தன் ஆசிரியரே தன் கடன்காரரும் தன் பரீட்சகருமாக அமர்ந்திருப்பதை எண்ணாமலும் இருக்க மாட்டான். மணிக்கணக்கை இவ்வளவு நுணுக்கமாக வகுத்த மாணாக்கர் சங்கத்தால் இந்த முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. மன்னிப்போ ரோமாபுரியிலிருந்து வந்தது. மகாகவி தாந்தே பிரான்செஸ்கோவைத் தம் நரக காண்டத்தில், தமக்கே வழிகாட்டியாயிருந்த புருனெத்தோ லத்தீனியின் கூட்டத்தில் சேர்த்து வைத்தார். ஆனால் அது கடன் விஷயமாக அன்று, முற்றிலும் வேறொரு குற்றத்துக்காக. தந்தையும் மகனும் ஒருங்கே அடக்கமான கூம்புக்கூரைச் சமாதி, பொலோஞாவில் புனித பிரான்சிஸ் ஆலயத்தின் பின்புறம் இன்றும் இருக்கிறது. ஒடொஃப்ரெடஸின் சமாதியும் அங்கேயே உள்ளது.

மாணாக்கர் சங்கத்தின் அதிகாரம் எல்லாவற்றையும் தொட்டது, பரீட்சையைத் தவிர. 1219-ஆம் ஆண்டில் போப்பாண்டவர் மூன்றாம் ஹொனோரியஸ், பொலோஞாவின் ஆர்ச்டீக்கன் என்னும் திருச்சபை அதிகாரியின் சம்மதமின்றி எவருக்கும் பட்டம் அளிக்கலாகாது என்று விதித்தார். ஆயினும் வித்தையைச் சோதித்தவர்கள் ஆசிரியர்களே. பரீட்சிக்கும் ஆசிரியர் தம் முன் நிற்பவனைத் தம் சொந்த மகன்போல நடத்த வேண்டும் என்று விதி கூறிற்று. அழகிய விதிதான். பாடம் சொல்லுங்கால் ஆசிரியரை நம்பாமல் மணியையும் ஒற்றரையும் வைத்தவர்கள், தங்கள் எதிர்காலம் முழுவதையும் அவர் தீர்மானிக்கும் வேளையில் மட்டும் தந்தையன்பை நம்பினார்கள். பலன் என்ன? வெகுமதிகளும் விருந்துகளும் பெருகி, பட்டம் பெறும் செலவு ஏழை மாணாக்கனுக்கு எட்டாததாயிற்று. 1311-ஆம் ஆண்டு வியென் நகரில் கூடிய திருச்சபை மகாசபை, பட்டமளிப்பில் மூவாயிரம் வெள்ளிக்காசுக்கு மேல் செலவிடலாகாது என்று வரம்பு கட்ட வேண்டியதாயிற்று. வரம்பே மூவாயிரமாயின், வரம்பில்லாக் காலத்து நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

பணமல்லாத வேறோர் எல்லையைப் பற்றியும் ஒரு கதை உண்டு. திருச்சபைச் சட்டத்தில் நிகரற்றவராயிருந்து 1348-ஆம் ஆண்டின் கொள்ளைநோயில் மாண்ட ஜியோவன்னி தாந்திரேயா, தாம் வர இயலாத நாட்களில் தம் புதல்வி நொவெல்லாவைப் பாடம் சொல்ல அனுப்புவாராம். அவளுடைய அழகு மாணாக்கரின் கவனத்தைச் சிதைக்காதபடி அவள் ஒரு திரைக்குப் பின்னிருந்து போதிப்பாளாம். இதனை எழுதி வைத்தவள் கிறிஸ்தீன் தெ பிஸான் என்னும் மாதரசி; அவளுடைய தகப்பனார் பொலோஞாவில் போதித்தவர். உண்மையோ பொய்யோ, கதையை மெச்சுவோர் எல்லோரும் திரையை ஆசிரியைக்கு இட்டதைத்தான் காண்கிறார்கள்; பார்வை சிதறியவர்கள் மாணாக்கரல்லவா என்று ஒருவரும் கேட்பதில்லை.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதி முதல் நகரசபை ஆசிரியர்களுக்குத் தானே சம்பளம் கொடுக்கத் தொடங்கியதும் நிலைமை மாறலாயிற்று. சம்பளம் கொடுப்பவனே எஜமானன் ஆனான். மாணாக்கரிடம் ஆசிரியர் செய்யும் பிரமாணங்கள் ஏட்டில் நிலைத்திருக்க, அதிகாரம் மெல்ல நகரத்தாரிடம் சென்றது. ஆசிரியர் வந்தாரா, முழுநேரமும் போதித்தாரா என்று குறித்துச் சம்பளத்தில் பிடித்தம் செய்ய நகரத்து ஊழியர் நியமிக்கப்பட்டனர். மாணாக்கன் பணம் கொடுக்கத் தேவையில்லையாதலின் அவனுக்கும் ஆசிரியருக்கும் இடையே பணப்பேச்சு அற்றுப்போகும் என்று எவரேனும் எதிர்பார்த்திருந்தால் ஏமாந்தே இருப்பர். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியச் சர்வகலாசாலைகளின் ஆசிரியர் பலர் பொதுமண்டபத்தில் சுருக்கமாகப் பேசிவிட்டு, பொருள் கொடுக்க வல்ல மாணாக்கர்க்குத் தம் வீட்டில் தனிப்பாடம் விரிவாக நடத்தி வந்தனர். அதனைத் தடுக்க அதிகாரிகள் திரும்பத் திரும்ப உத்தரவுகள் பிறப்பித்தபடியே இருந்தார்கள்.