பாலைவன டாங்கிகளின் உண்மை நிறம்

இரண்டாம் உலகப் போரின்போது வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடிய டாங்கிகள் என்ன நிறத்தில் இருந்தன? மணல் நிறம் என்று பலரும் உடனே விடை சொல்லிவிடுவர். 1:35, 1:72 ஆகிய அளவுகளில் அவற்றின் மாதிரிகளைச் செய்து வண்ணம் தீட்டுவோருக்கு அந்த விடை போதாது. எந்த நாட்டுப் படை, எந்த ஆண்டு, சில சமயம் எந்த மாதம் என்பதைப் பொறுத்தும் நிறம் மாறியது. இதைத் துருவிய ஆய்வு, நெடுங்காலம் மெய்யென நம்பப்பட்ட ஒரு நீல நிறத்தைப் பொய்யென்று காட்டியது.

கான்டர் முறை

1940இல் எகிப்திலிருந்த பிரித்தானியப் படை தன் டாங்கிகளுக்கு மூன்று நிறங்களில் அகலமான சாய்வுப் பட்டைகளைத் தீட்டியது. கவசப் படைத் தளபதியாக இருந்த பிரிகேடியர் கான்டரின் பெயரால் இது கான்டர் முறை எனப்படுகிறது. பட்டைகளின் விளிம்புகள் அளவுகோல் வைத்து வரைந்தவை போல நேராக இருந்தன. இயற்கையில் காணாத நேர்க்கோடு எப்படி ஒரு வண்டியை மறைக்கும் என்று மாணவர்கள் கேட்கலாம். மறைப்பது இதன் முதல் நோக்கம் அன்று. ஒதுங்க மரமோ புதரோ இல்லாத வெளியில், வண்டியின் முன்பக்கம் எது, எத்திசையில் போகிறது என்று தொலைவிலுள்ள எதிரி சில நொடிகள் குழம்பினாலே போதும். முதல் உலகப் போரில் கப்பல்களின் மேல் வரையப்பட்ட கோணல்மாணல் பட்டைகளும் இதே எண்ணத்தில் பிறந்தவைதாம்.

அடிநிறம் லைட் ஸ்டோன் அல்லது போர்ட்லண்ட் ஸ்டோன் என்னும் வெளிர் மஞ்சள். மற்ற இரண்டும் சில்வர் கிரே, ஸ்லேட். சிக்கல் சில்வர் கிரேயில்தான் வந்தது. போர்க்காலப் படங்களில் மிகப் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. அவற்றில் அந்தப் பட்டை நடுத்தரச் சாம்பலாகவே தெரியும். பிற்காலத்தில் பிரிட்டனில் காட்சிக்கு வைக்கப்பட்ட ஒரு மட்டில்டா டாங்கியில் அது வெளிர் நீலமாகத் தீட்டப்பட்டது. டாங்கியைப் பார்த்து ஓவியர் வரைந்தார். ஓவியம் நூலில் ஏறியது. நூலைப் பார்த்து மாதிரி செய்வோர் தீட்டினர். ஒரே தவற்றின் நகல்கள் பெருகி, ஒன்றுக்கொன்று சான்றாகிவிட்டன. இரும்பும் கவசமும் அசலாக இருக்கலாம். மேலிருக்கும் வண்ணம் நேற்றுப் பூசியதாக இருக்கலாம் என்பதைப் பலரும் எண்ணிப் பார்க்கவில்லை.

படை ஆணைகளைப் பிரித்தானியத் தர நிர்ணய வண்ண அட்டையோடு ஒப்பிட்டபோது முடிச்சு அவிழ்ந்தது. அந்த அட்டையில் 28ஆம் எண் சில்வர் கிரே. அது நீலம் அன்று; பச்சைச் சாயல் கொண்ட வெளிர் சாம்பல். 34ஆம் எண்ணான ஸ்லேட்டும் பச்சை கலந்த அடர் சாம்பலே. ஆனாலும் நீலப் பட்டை போட்ட மாதிரிகள் இன்றும் கண்ணில் படுகின்றன.

ஜெர்மானிய டாங்கிகள்

1941 பிப்ரவரியில் திரிப்போலியில் இறங்கத் தொடங்கிய ஜெர்மானியப் படையின் டாங்கிகள் ஐரோப்பாவுக்கு உரிய அடர் சாம்பல் பூச்சுடனேயே வந்தன. வீரர்கள் சேற்றைக் குழைத்து மேலே அப்பிச் சமாளித்தார்கள். 1941 மார்ச் மாத ஆணை, ஆர்ஏஎல் 8000 என்னும் மஞ்சள் பழுப்பையும் 7008 என்னும் பச்சைச் சாம்பலையும் விதித்தது. 1942 மார்ச்சில் அவற்றின் இடத்தை 8020, 7027 ஆகியவை பிடித்தன. முதல் இணையின் இரு நிறங்களும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் கொண்டவை என்பதால், கறுப்பு வெள்ளைப் படத்தில் இரண்டும் கலந்து ஒரே நிறம் போலத் தெரியும். படத்தில் திட்டு தெரியவில்லை என்பதால் வண்டியில் திட்டு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

எல் அலமெய்ன்

கான்டர் முறை 1941 இறுதியில் கைவிடப்பட்டது. 1942 அக்டோபரில், பாலைவன இளஞ்சிவப்பின் மேல் அடர் ஆலிவ் பச்சைத் திட்டுகளைத் தீட்டும்படி புதிய ஆணை வந்தது. அதே மாதம் 23ஆம் நாள் எல் அலமெய்னில் தாக்குதல் தொடங்கியது. அதற்கு முந்தைய வாரங்களில் பிரித்தானியர் நடத்திய பெர்ட்ராம் என்னும் ஏமாற்று நடவடிக்கையில் வண்ணத்தைவிடத் துணியே அதிகம் உதவியது. சட்டத்தில் கித்தான் கட்டி, டாங்கியை லாரி போலக் காட்டும் கூடுகள் முன்கூட்டியே களத்தில் வைக்கப்பட்டன. இரவில் டாங்கிகள் வந்து அவற்றுக்குள் புகுந்துகொண்டன. அவை முன்பு நின்ற இடங்களில் போலி டாங்கிகள் வைக்கப்பட்டன. வானிலிருந்து பார்த்தவருக்கு எதுவும் நகர்ந்ததாகவே தெரியவில்லை.

இந்தப் போரின் டாங்கியை மாதிரியாகச் செய்பவர் ஆணையை மட்டும் நம்பி இளஞ்சிவப்பைக் கையில் எடுக்கக் கூடாது. ஆணை வந்த அன்றே எல்லா வண்டிகளும் நிறம் மாறிவிடவில்லை. பழைய பூச்சோடும் புதிய பூச்சோடும் டாங்கிகள் அடுத்தடுத்து நின்றன. குறிப்பிட்ட ஒரு டாங்கியின், நாள் தெரிந்த ஒரு படம் கிடைத்தால் அதையே முதலில் கொள்ள வேண்டும். எந்த நிறங்கள் அந்த நாளில் வழக்கில் இருந்தன என்பதற்கு ஆணை. அவற்றில் எது அந்த வண்டியில் ஏறியது என்பதற்குப் படம்.