பறக்கும் ஆப்பு

அமெரிக்கன் ஃபுட்பால்ல மோதலை ஆயுதமா மாத்தின ஆளு அந்த ஆட்டத்தை ஆடினதே இல்ல. பேரு லோரின் டிலாண்ட். செஸ் பிரியர், நெப்போலியனோட போர் உத்திகளைப் படிச்சவர். 1892ல யேலுக்கு எதிரா ஹார்வர்டுக்கு அவர் போட்டுக் கொடுத்த திட்டம்தான் ‘ஃப்ளையிங் வெட்ஜ்’, பறக்கும் ஆப்பு. வீரர்கள் ரெண்டு கூட்டமா பின்னாடி இருந்து முழு வேகத்துல ஓடி வந்து, ஒண்ணா சேர்ந்து, எதிரணியில ஒரே ஒருத்தர் மேல மோதணும். அசையாம நிக்கிற அந்த மனுஷனை யோசிச்சுப் பாருங்க! அன்னிக்கு ஜெயிச்சது என்னவோ யேல்தான், 6-0.

1894ல ஆப்பைத் தடை பண்ணாங்க. ஆனா கும்பலா முட்டறது நிக்கல. வீரர்களோட முரட்டுத்தனம்தான் காரணம்னு சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். மூணு முயற்சியில 5 கெஜம் நகர்ந்தா போதும்னு விதி இருந்தா, முட்டித் தள்ளறதுதானே லாபம்? 1905 சீசன்ல, அன்றைய பத்திரிகைக் கணக்குப்படி, குறைஞ்சது 18 பேர் இறந்தாங்க. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய கல்லூரி அணிகளை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டியதாப் போச்சு.

1906ல 5 கெஜம் 10 ஆச்சு. பந்தை முன்னாடி எறியவும் அனுமதி கிடைச்சது. கும்பல் கொஞ்சம் பிரிஞ்சது. 1909ல மறுபடியும் சாவுகள். அதனால 1910ல, ஏழு பேர் முன்வரிசையிலேயே நிக்கணும்னு விதி. பின்னாடி இருந்து ஓடி வந்து சேர மிச்சம் நாலே பேர்.