நீலி வழி வந்த நாகவல்லி

தக்கலையில் பேருந்தை விட்டு இறங்கி இரண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் பத்மநாபபுரம். கருங்கல் கோட்டைச் சுவர், அதற்குள் தெருக்களும் கோயில்களும், நடுவே ஆறரை ஏக்கரில் மரத்தால் இழைத்த அரண்மனை. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறையின் கையிலேயே தங்கிவிட்டது. மண் தமிழ்நாட்டுக்கு, வீடு கேரளத்துக்கு. இப்படிப்பட்ட இடத்தில் எடுத்த பேய்ப்படத்தில் பேய் எந்த மொழி பேசும்?

1993 டிசம்பரில் வெளியான ‘மணிச்சித்திரத்தாழ்’ அதற்குப் பதில் சொன்னது. ஃபாசில் இயக்கத்தில், இங்கும் திருப்பூணித்துறை ஹில் பேலஸிலும் எடுக்கப்பட்ட மலையாளப் படம். மாடம்பள்ளி என்னும் பழைய தறவாட்டின் (பூர்விக வீட்டின்) தெற்கு அறையான தெக்கினியில், சித்திர வேலைப்பாடுள்ள பூட்டுக்குப் பின்னால் அடைபட்டிருப்பவள் நாகவல்லி. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட நாட்டியக்காரி. கதாநாயகி கங்கை தன்னை நாகவல்லியாகவே எண்ணித் திடீரென்று தமிழில் பேசத் தொடங்கும்போதுதான் திரையரங்கில் எல்லோருக்கும் முதுகுத்தண்டு சில்லிட்டது.

அதுவரை படம் எதற்கும் அவசரப்படவில்லை. மோகன்லால் திரைக்கு வரவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குமுன் இன்னசென்டும் நெடுமுடி வேணுவும் பப்புவும் சிரிக்க வைக்கிறார்கள், கல்யாணப் பேச்சு நடக்கிறது, யாரோ சாவி தேடுகிறார்கள், ஒரு கண்ணாடி உடைகிறது. கடைசிவரை பேயென்று ஒன்று கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வெள்ளைச் சேலையும் புகையும் கோரைப்பல்லுமாகப் பேய்ப்படங்கள் பழகிப்போயிருந்த காலத்தில், இந்தப் படம் வேண்டுமென்றே பழைய பாணிக்குத் திரும்பியது. அந்தப் பழைய பாணி எது, எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் சினிமாவுக்கும் முன்னால் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அரண்மனை. இரவிவர்மக் குலசேகரப் பெருமாள் காலத்தில், 1601 வாக்கில் எழுந்தது என்பார்கள். அதன் மிகப் பழைய பகுதியான தாய்க்கொட்டாரம் அதற்கும் மூத்தது. அப்போது ஊரின் பெயர் கல்குளம். குளச்சலில் டச்சுக்காரர்களை 1741-இல் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா 1744-இல் ஊருக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டினார். அரண்மனையின் இன்றைய வடிவம் பெருமளவுக்கு அவர் காலத்தது. 18-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போய்விட, கட்டடம் பெரிய மாற்றம் இல்லாமல் நின்றுவிட்டது.

உள்ளே நுழைந்ததும் பூமுகம். மேலே மரக்கூரையில் 90 பூக்கள், ஒன்றுபோல் மற்றொன்று இல்லை. சங்கிலியில் தொங்கும் குதிரை விளக்கை எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அப்படியே நிற்கும். மாடிமேல் மந்திரசாலையில் சன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது, நிறம் ஏற்றிய அபிரகத் தகடுகள். வெயில் அவற்றின் வழியாகச் சிவப்பும் நீலமுமாக இறங்குகிறது. வெளிச்சம் இருக்கிறது, ஆனால் எதிரில் நிற்பவர் முகம் தெளியச் சில நொடிகள் பிடிக்கும். கால்மாட்டில் கருப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, செடிச்சாறுகள் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. அதில் நடப்பவரின் நிழலைவிட உருவம்தான் முதலில் தெரியும். நவராத்திரி மண்டபத்தில் ஆட்டம் நடக்கும்போது அரண்மனைப் பெண்கள் மரச்சட்டத் துளைகள் வழியே பார்ப்பார்கள். அவர்களை ஆடுகிறவள் பார்க்க முடியாது. கீழே சுரங்கப்பாதை ஒன்று, சாரோட்டுக் கொட்டாரத்துக்குப் போவது. பயமுறுத்தும் படம் எடுக்க வருகிற ஒளிப்பதிவாளருக்கு இங்கே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான்.

ஆனால் வீடு மட்டும் போதாது, வீட்டுக்கு ஒரு கொலையும் வேண்டும். நாஞ்சில் நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை.

மார்த்தாண்ட வர்மா பட்டத்துக்கு வந்த கதையே ரத்தத்தில் நனைந்தது. திருவிதாங்கூரில் பட்டம் மருமகனுக்குத்தான். ராஜாவின் சொந்த மகன்கள் வெறும் ‘தம்பி’மார். ராமவர்மாவின் மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் அதை ஏற்க மறுத்து, மார்த்தாண்ட வர்மாவால் கொல்லப்பட்டார்கள். அரசு ஆவணம் அவர்களைத் துரோகிகள் என்றது. வில்லுப்பாட்டு அவர்களை வலியதம்பி, குஞ்சுத்தம்பி என்று பாடித் தெய்வமாக்கியது. ‘மணிச்சித்திரத்தாழ்’ படத்தில் நாகவல்லியைக் கொன்றவன் பெயர் சங்கரன் தம்பி. எழுதிய மது முட்டம் ஆலப்புழைப் பக்கத்துக்காரர். அவர் ஊரான முட்டத்தின் ஆலும்மூட்டில் தறவாட்டில் நடந்த பழைய கொலைதான் கதைக்கு வித்து என்று கேரளத்தில் பரவலாகச் சொல்வார்கள். இருக்கட்டும். கதை பத்மநாபபுரத்தின் மரத்தூண்களுக்கு நடுவே வந்து நின்றதும் ‘தம்பி’ என்ற பட்டத்துக்கு வேறொரு கனம் கூடிவிடுகிறது.

ராமன் தம்பியோடு இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தென் திருவிதாங்கூரின் காஞ்சிரக்கோட்டில் பிறந்த பேரழகி ஒருத்தி, அவரோடு நெருங்கியிருந்தவள், கொலையுண்டு யட்சியானாள் என்பது ஐதிகம். காஞ்ஞிரோட்டு யட்சி என்பார்கள். அவள் இப்போது குடியிருப்பது திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் திறக்கப்படாத ‘பி’ நிலவறையில் என்பது பக்தர்களின் நம்பிக்கை. 2011-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மற்ற நிலவறைகள் திறக்கப்பட்டு உலகமே வாயைப் பிளந்தபோதும் அந்த ஒன்று திறக்கப்படவில்லை. பூட்டிய அறையில் ஒரு பெண் என்கிற படிமம் மலையாளத் திரைக்கதையாசிரியர் யாரும் கற்பனை செய்தது இல்லை.

பத்மநாபபுரத்தை அடுத்த மேலாங்கோட்டில் அக்காள் தங்கை இருவர், செண்பகவல்லி, நீலபிள்ளை, யட்சியம்மன்களாக இருக்கிறார்கள். ஆரல்வாய்மொழி வழியே திருநெல்வேலிச் சாலையில் போனால் முப்பந்தல் இசக்கியம்மன். லாரி ஓட்டுநர்கள் இன்றும் வண்டியை நிறுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் கணவாயைத் தாண்டுவார்கள். இசக்கி கதையை ஊருக்கு ஊர் வேறு பாடமாகப் பாடுவார்கள். பலரும் பாடுகிற பாடத்தில் அவள் முற்பிறவியில் ஒரு தாசி. காதலித்தவனே நகைக்கு ஆசைப்பட்டுக் கள்ளிக்காட்டில் அவளைக் கொல்கிறான். அவள் நீலியாகத் திரும்பி வருகிறாள், கள்ளிக் கொப்பைக் குழந்தையாக இடுப்பில் ஏந்திக்கொண்டு.

ஆடல் மகள், ஆண் கையால் கொலை, பிறகு திரும்பி வருதல். நாகவல்லி யாருடைய வாரிசு என்று விளக்க வேண்டியதில்லை.

இன்னும் முக்கியமானது சொல்லும் முறை. இந்த அம்மன்களின் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் நேராகப் பேயைக் கொண்டுவந்து நிறுத்திவிட மாட்டார். காப்பு, வருபொருள், அவள் பிறந்த ஊர், தாய் தகப்பன், வளர்ந்த அழகு, போட்டிருந்த நகை ஒவ்வொன்றாக. குடமும் உடுக்கும் தாளம் மாறாமல் ஓடிக்கொண்டிருக்கும். இடையிடையே பின்பாட்டுக்காரரோடு நையாண்டி, கூட்டத்தில் சிரிப்பு, பிள்ளைகள் தூக்கம். கொலைக்குக் கதை வந்து சேரும்போது நடுச்சாமம். தாளம் அங்கேதான் ஏறும். சாமியாடியின் உடம்பு அங்கேதான் உதறும். ஒரு மணி நேரம் சிரிக்கவிட்டு, பிறகு கட்டிலை ஒற்றைக் கையால் கங்கை தூக்குவதைக் காட்டும் திரைக்கதை இந்த ராச்சாமக் கணக்கைத்தான் வைத்திருக்கிறது. படத்தின் முடிவும் அப்படியே. மனநல மருத்துவரான நாயகனும், திலகன் நடித்த தந்திரியும் கைகோத்துச் செய்யும் சிகிச்சை என்ன? சங்கரன் தம்பி என்று நம்பவைத்து ஒரு பொம்மையை நாகவல்லி கையால் வெட்ட விடுகிறார்கள். அவள் பழி தீர்ந்து அடங்குகிறாள். மனோதத்துவம் என்று படம் பெயர் சொல்கிறது, கொடையில் அதற்குப் பலி என்று பெயர்.

இப்போது சினிமா வழிக்கு வரலாம். அங்கும் தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ரீதரின் ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963-இல் வந்தது: பாழடைந்த மாளிகை, முற்பிறவி, சாகாமல் காத்திருக்கும் கிழட்டு ஜமீன்தாராக எம்.என். நம்பியார். ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட். அடுத்த ஆண்டே வின்சென்ட் தன் முதல் படத்தை மலையாளத்தில் இயக்கினார். வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீலவெளிச்சம்’ கதையிலிருந்து ‘பார்கவி நிலையம்’. எழுத்தாளன் ஒருவன் ஆள் இல்லாத வீட்டுக்குக் குடிவருகிறான். அங்கே செத்துப்போன பெண்ணோடு சண்டை போடவில்லை, மந்திரவாதியைக் கூப்பிடவில்லை, வெறுமனே பேசுகிறான். அந்த எழுத்தாளனாக நடித்த மது சினிமாவுக்கு வருமுன் நாகர்கோவில் கல்லூரிகளில் இந்தி கற்பித்துக்கொண்டிருந்தவர். 1968-இல் கே.எஸ். சேதுமாதவனின் ‘யட்சி’, அவள் யட்சிதானா அல்லது அவனுடைய மனக்கோளாறா என்ற சந்தேகத்தையே கதையாக்கியது. வீடு, கொலையான பெண், மனக்கோளாறு மூன்றும் 60-களிலேயே தயாராகிவிட்டன. ‘மணிச்சித்திரத்தாழ்’ அவற்றைத் தூசி தட்டி எடுத்து, வண்ணத்தில், பத்மநாபபுரத்தின் வெளிச்சத்தில் வைத்தது.

நாகவல்லி ஏன் தமிழச்சி? இதற்கும் வரலாற்றுப் பிடிமானம் உண்டு. சுவாதித் திருநாள் (1829–1846) அரசவையில் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு இருந்தார். திருவனந்தபுரத்தில் ‘தஞ்சாவூர் அம்மவீடு’ என்றே ஒரு மாளிகை உண்டு. நாட்டியம் என்றால் திருவிதாங்கூர் அரண்மனைகள் கிழக்கே தஞ்சாவூரைத்தான் பார்த்தன. சுசீந்திரம் கோயிலில் ஆடிய குடும்பங்கள் நாஞ்சில் நாட்டின் சொந்த ஆடல் மரபு. சேது லட்சுமி பாய் ரீஜெண்டாக ஆண்ட 1924–31 காலத்தில்தான் தேவதாசி முறைக்கு முடிவு கட்டப்பட்டது. அந்தப் பெண்கள் தெருவோடு மறைந்து போனார்கள். திரையில் மட்டும் ஒருத்தி சலங்கையோடு வந்தாள். நாகவல்லியாக ஆடிய ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. நாகவல்லியின் தமிழ் வரிகளை எழுதியவர் வாலி.

படம் ஊர் ஊராகப் போனபோது வேடிக்கை தொடங்கியது. தமிழில் எடுக்கும்போது பேயைத் தமிழச்சி என்றால் யார் பயப்படுவார்கள்? பக்கத்து வீட்டுப் பெண் ஆகிவிடுவாள். 2004-இல் பி. வாசு இயக்கிய கன்னட ‘ஆப்தமித்ரா’ அவளைத் தெலுங்கு பேச வைத்திருந்தது. அதே வாசு 2005 ஏப்ரல் 14-இல் ‘சந்திரமுகி’யைக் கொண்டுவந்தபோது தமிழ்ப் பேயும் தெலுங்குதான் பேசியது. சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது அந்தப் படம். ஜோதிகாவின் ‘ரா ரா’வைப் பாடியவரோ மலையாளியான பின்னி கிருஷ்ணகுமார். 2007-இல் பிரியதர்ஷன் (மூலப்படத்தின் இரண்டாம் பிரிவு இயக்குநர்களில் ஒருவர்) இந்தியில் ‘பூல் புலையா’ எடுத்தார். அங்கே அவள் வங்காளி. ஆக, ஒவ்வொரு மொழியும் தன் அச்சத்தை அண்டை மொழியின் வாயில் வைத்தது. கேரளம் மட்டும் கொஞ்சம் நியாயமாக நடந்துகொண்டது என்று தோன்றுகிறது. அங்கே தமிழ் என்பது அண்டை மொழி மட்டும் இல்லை, அரண்மனைக்குள் புழங்கிய மொழியும்கூட.

வாசுவின் பதிப்பில் மாளிகை மினுக்கென்று இருந்தது, நாயகன் ரஜினி தொடக்கத்திலேயே வந்தார். காத்திருக்க வைக்கும் கலை அங்கே காணாமல் போனது. அதில் குறை சொல்லிப் பயனில்லை; ரஜினியை ஒரு மணி நேரம் உட்கார வைக்க எந்தத் தயாரிப்பாளரும் துணிய மாட்டார்.

நிதானம் மலையாளத்தில் மீண்டும் தலைதூக்கியது. ஆஷிக் அபு 2023-இல் பஷீரின் கதையை ‘நீலவெளிச்சம்’ என்ற பெயரிலேயே திரும்ப எடுத்து, 60-களின் உடை, வீடு, எம்.எஸ். பாபுராஜின் பாடல்கள் எல்லாவற்றையும் அப்படியே புதுப்பித்தார். கவனமாகச் செய்த வேலை, ஆனால் அலங்காரம் கூடிப்போனது. 2024 பிப்ரவரியில் ராகுல் சதாசிவனின் ‘பிரமயுகம்’ இன்னும் துணிந்தது. 17-ஆம் நூற்றாண்டில் நடக்கும் கதை, முழுக்கக் கருப்பு வெள்ளை, பெரும்பாலும் ஒரே இல்லத்துக்குள் சில ஆட்கள். வழி தவறி வரும் பாணன், வீட்டுக்காரன் கொடுமண் போற்றியாக மம்மூட்டி, மழை, ஒரு யட்சி. தயாரிப்பில் சென்னையின் ஒய்நாட் ஸ்டுடியோஸுக்கும் பங்கு உண்டு. படம் எடுக்கப்பட்டது ஒற்றப்பாலத்துப் பக்கம், வரிக்காசேரி மனையில். காலமோ பத்மநாபபுரத்தின் தாய்க்கொட்டாரத்தில் ஆட்கள் குடியிருந்த அதே காலம். அதே ஆண்டு ஆகஸ்டில் ‘மணிச்சித்திரத்தாழ்’ 4கே தரத்தில் திரும்பவும் திரைக்கு வந்தபோது, 1993-இல் பிறந்தே இராத பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்தார்கள்.

படத்தில் நாகவல்லி பழி தீர்க்கக் காத்திருக்கும் இரவு துர்காஷ்டமி. நவராத்திரிக்குச் சில நாள் முன்பே பத்மநாபபுரத்தின் சரசுவதி, வேளிமலைக் குமாரசாமியோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுவிடுகிறாள். உப்பரிகை மாளிகையில் உடைவாளைக் கைமாற்றிக் கொடுத்து, இரண்டு மாநிலக் காவல்துறையும் மரியாதை செலுத்தி, மூவரையும் எல்லை தாண்டி அனுப்பிவைப்பார்கள். ஆக, துர்காஷ்டமி அன்று அரண்மனையில் சரசுவதி இருப்பதில்லை.