வார்க்கரி நெறி

வார்க்கரி நெறி என்பது மகாராட்டிரத்தில் வளர்ந்த வைணவ பக்தி மரபுகளுள் ஒன்றாகும். சோலாப்பூர் மாவட்டத்தில், பீமா ஆற்றங்கரையில் உள்ள பண்டரிபுரத்தில் கோயில் கொண்டுள்ள விட்டலரே இந்நெறியினரின் வழிபடு தெய்வம். இவர் விட்டோபா, பாண்டுரங்கன் எனவும் அழைக்கப்படுகிறார். மராத்தியில் "வாரி" என்பது தவறாது மேற்கொள்ளும் புனிதப் பயணத்தையும், "கரி" என்பது அதனைச் செய்பவரையும் குறிக்கும்.

நெறிமுறைகள்

இந்நெறியில் துறவு கட்டாயமன்று. இல்லறத்தில் இருந்தவாறே இதனைப் பின்பற்றலாம். துளசி மணிமாலை அணிதல், புலாலும் மதுவும் தவிர்த்தல், ஏகாதசி நோன்பு, இறைவனின் பெயரைப் பாடுதல் ஆகியன முதன்மையானவை. ஆசாட மாத (சூன்-சூலை) வளர்பிறை ஏகாதசிக்குப் பல இலட்சம் பேர் பண்டரிபுரத்தில் கூடுகின்றனர். ஆளந்தியில் இருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேகுவில் இருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் எடுத்துவரப்படுகின்றன. அடியார்கள் "திண்டி" எனப்படும் குழுக்களாக ஏறத்தாழ மூன்று வாரங்கள் நடந்து வருவர்.

அருளாளர்கள்

ஞானேசுவரர் 1290 ஆம் ஆண்டளவில் பகவத் கீதைக்கு மராத்தியில் ஞானேசுவரி என்னும் விளக்கவுரையை இயற்றினார். தம் தமையனார் வழியாகச் சைவச் சார்புடைய நாத மரபைச் சேர்ந்தவராகிய அவர், அத்வைத நோக்கையும் உருவ வழிபாட்டையும் இணைத்துக் காட்டினார். நாமதேவர் தையற்காரர், கோரா குயவர், சாவதா தோட்டக்காரர், சனாபாய் பணிப்பெண். "அபங்கம்" என்னும் பாவகையில் இவர்கள் பாடினர். நாமதேவரின் பாடல்கள் சீக்கியரின் குரு கிரந்த சாகிப்பிலும் இடம்பெற்றுள்ளன.

சமத்துவமும் அதன் எல்லையும்

மகர் சாதியில் பிறந்த சோகாமேளர் கோயிலுக்குள் அனுமதிக்கப்படவில்லை. அவரது சமாதி கோயில் வாயிலுக்கு வெளியே அமைந்துள்ளது. அடியார் கூட்டத்தில் ஏற்கப்பட்டவர்களும் கருவறையை அணுக முடியாத நிலை பல நூற்றாண்டுகள் நீடித்தது. 1947 மே மாதத்தில் சானே குருசி மேற்கொண்ட உண்ணாநோன்பை அடுத்தே தலித் மக்களுக்கு இக்கோயில் திறக்கப்பட்டது. அருளாளர்கள் கடவுளின் முன் மனிதர் சமம் என்றனரே அன்றி, மனிதருக்குள் சமம் எனப் போதிக்கவில்லை என்பது அம்பேத்கரின் திறனாய்வு. எனினும், தீண்டப்படாதோர் குறித்த தமது 1948 ஆம் ஆண்டு நூலை அவர் நந்தனார், இரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவரின் நினைவுக்கு உரித்தாக்கினார்.

தமிழகத் தொடர்பு

தஞ்சாவூரில் மராத்தியர் ஆட்சி (1676–1855) நிலவியதால் மராத்திய கீர்த்தன மரபு தமிழகத்தில் பரவியது. தமிழகத்தின் நாமசங்கீர்த்தன பசனைகளில் அபங்கங்கள் இன்றும் பாடப்படுகின்றன.